விளக்கு எண்ணெய் என்று நான் சொன்னது

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. மல்லேஸ்வரத்தில் எட்டாவது கிராஸ் கடைத்தெருவில், வரமகாலட்சுமி நோன்புக்கு முந்தின நாள் கூட்டத்தில், ஒரு கீறல் விழாமல் காரை நுழைத்து வெளியே எடுத்தவள் நான். என் கணவருக்கு ஓட்டத் தெரியாது. மாநில அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதர், பஸ்ஸிலேயே போய் பஸ்ஸிலேயே வந்தார். நான் ஓட்டினால் பக்கத்தில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை பை வாரைக் கியர் குச்சியில் மாட்டிவிட்டார். அதற்கு நான் கத்திய கத்தலில், அப்புறம் அந்தப் பக்கம் அவர் கையே போனதில்லை.

போன விஜயதசமிக்கு நாங்கள் இருவரும் கரூருக்குக் கிளம்பினோம். போவது அக்காவை அழைத்து வர. என் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அத்திம்பேர் போனபிறகு ஆறு வருஷமாகத் தனியாக இருந்தாள். எங்களோடு வந்து இரு என்று நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோயிருந்தேன். ஆடி மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். சாயங்காலம் விழுந்தவள், மறுநாள் காலையில் வாசல் தெளிக்கவில்லையே என்று எதிர்வீட்டுக்காரர்கள் வந்து கதவை உடைக்கிறவரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறாள். எலும்பு முறியவில்லை. ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

அதற்கப்புறமும் அவள் மசியவில்லை. கடைசியில் புரட்டாசி பிறந்ததும் அவளே கூப்பிட்டாள்.

"விஜயதசமி அன்னிக்கு வா. காலைல பத்தரைலேர்ந்து பன்னண்டு வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள நான் வாசலைத் தாண்டணும். நீ ஓட்டற வண்டின்னாதான் ஏறுவேன். அன்னிக்குத் தவறிடுத்துன்னா மறுபடி கேக்காதே."

என் அக்கா சொன்னால் சொன்னதுதான். சகுனம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு தடவை காசிக்குப் போகக் கிளம்பி, ஸ்டேஷன் படியில் செருப்பு வார் அறுந்தது என்று டிக்கெட்டோடு வீட்டுக்குத் திரும்பி வந்தவள். இன்று வரை காசி பார்க்கவில்லை. ஆகவே பன்னிரண்டு மணி என்றால் எனக்குப் பன்னிரண்டு மணிதான். வழியில் ஏதாவது தடங்கல் என்று அவள் காதில் விழுந்தாலே போதும், பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி பீரோவில் அடுக்கிவிடுவாள்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பே வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். எங்கள் தெருக்கோடியில் கராஜ் வைத்திருப்பவர் எல்லாம் பார்த்து, கியர் ஆயிலும் மாற்றிக் கொடுத்தார்.

"ஸ்வல்ப, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க மேடம். நிறுத்தற எடத்துல கீழ ஒரு பேப்பர் போட்டு வைங்க. சொட்டு தெரிஞ்சா உடனே எடுத்துட்டு வந்துடுங்க" என்றார்.

சரி என்றேன். ஓட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் பூஜை வேலை, அதற்கு மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. புத்தகத்தைப் பூஜையில் வைத்தால் அன்றைக்குப் படிக்கக் கூடாது என்பது போல, வண்டியையும் பூஜை போட்டால் அன்றைக்கு அசைக்க மாட்டோம். மற்றவர்கள் பூஜை முடிந்த கையோடு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வருவார்கள். நாங்கள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு அகல் ஏற்றி வைத்து, மறுநாள் காலையில் மறுபூஜை ஆனபிறகுதான் எலுமிச்சை மேல் ஏற்றுவோம். பேப்பர் போடச் சொன்ன இடத்தில் நான் கோலம் போட்டேன்.

விஜயதசமியன்று விடியற்காலை ஐந்து மணி. கற்பூரம் காட்டிவிட்டு நான் சாவியோடு நிற்கிறேன். இவர் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"இங்க எண்ணெய் இருக்கு."

"நேத்திக்கு அகல்லேர்ந்து வழிஞ்சிருக்கும்."

அவர் விரலால் தொட்டு முகர்ந்தார். "நல்லெண்ணெய் இப்படி நாறாதே. கராஜ்ல ஏதோ சொன்னாரே, கேட்டுடலாமா?"

"விளக்கு எண்ணெய்தான். பூசணிக்கா, குங்குமம், சாம்பிராணி எல்லாம் சேந்தா அப்படித்தான் நாறும். இந்த நேரத்துல யார் கராஜைத் திறந்து வெச்சிண்டு காத்திருக்கா? ஏறுங்கோ."

பழைய துணியால் நானே துடைத்தேன். ஒரு உள்ளங்கை அகலம் இருந்தது. அகலில் அவ்வளவு எண்ணெய் நான் விடவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததோ என்னவோ, பன்னிரண்டு மணிதான் என் தலைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் நாலும் நசுங்க, கிளம்பினோம்.

ஓசூர் தாண்டி வெளிச்சம் வந்தபோது ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஊளை மாதிரி, மெல்லிசாக, வேகம் கூடக் கூடக் கூடியது. முன்னால் கட்டியிருந்த வாழைக்கன்று காற்றில் படபடக்கிறது என்று முடிவு செய்தேன். சூளகிரிக்குப் பக்கத்தில் ஓரம் கட்டி, வாழைக்கன்று இரண்டையும் அவிழ்த்து, சாமந்திச் சரத்தையும் கழற்றிப் பின்னால் போட்டேன். மறுபடி கிளம்பினால் அதே சத்தம். இவர் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும், பேசாததும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கிருஷ்ணகிரி தாண்டி ஐந்தாவது கியர் கழன்றது. கழன்றது என்றால், போட்ட குச்சி டக்கென்று தானாகவே நியூட்ரலுக்கு வந்து நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை உள்ளேயிருந்து பல் நறநறவென்று கடிக்கிற சத்தம். அதற்குமேல் வாழை மரத்தின் மேல் பழி போட எனக்கே வெட்கமாக இருந்தது. நாலாவதில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, காவேரிப்பட்டினம் தாண்டி சாலையோரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டைக் கண்டதும் ஒடித்துத் திருப்பினேன். மணி ஏழே முக்கால்.

ஷெட் திறந்திருந்தது. நாற்பது வயது இருக்கும், மெக்கானிக் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"கியர் பாக்ஸ்ல ஆயிலே இல்லம்மா. அடி பிளக்கு சரியா முடுக்கலை, அதுவழியா எல்லாம் சொட்டிடுச்சு. பிளக்க இறுக்கி ஆயில் ஊத்தினா கொஞ்ச தூரம் போலாம். ஆனா இப்ப முடியாதும்மா."

"ஏன் முடியாது?"

அவர் உள்ளே கை காட்டினார். சாமி படத்துக்கு முன்னால் சாக்கு விரித்து, ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் வரிசையாகக் குங்குமம் வைத்துப் படுத்திருந்தன.

"இன்னும் மறுபூஜை போடலை. எங்கம்மா ஊருக்குள்ளேர்ந்து பதினொரு மணிக்கு வருவாங்க. அவங்க வந்து எடுத்துக் குடுக்காம நான் கை வைக்க மாட்டேன்."

வேறு நாளாக இருந்தால் நான் அந்த ஷெட்டை இரண்டாக்கியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எந்த வாயால் சொல்வது? ஓட்டிப் பார் என்று சொன்ன வண்டியைக் கோலத்தின் மேல் நிறுத்தி வைத்தவள்தானே நானும். கோபத்தை விழுங்கிவிட்டு, "உங்க அம்மாவைப் போன்ல கூப்பிடுங்க, நான் பேசறேன்" என்றேன்.

அந்த அம்மாள் என் கதையை முழுக்கக் கேட்டாள். ஆறு வருஷத் தனிமை, குளியலறை, பன்னிரண்டு மணி, ஒன்று விடாமல் சொன்னேன்.

"கற்பூரம் இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கும்மா."

"படையலுக்கு?"

"சுண்டல் இருக்கு. கொண்டைக்கடலை."

அது அக்காவுக்காகச் செய்தது. அவளுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் உயிர்.

"அப்ப நீங்களே போட்டு எடுத்துக் குடுங்க. அக்காவை நல்லபடியா கூட்டிட்டுப் போங்க" என்று வைத்துவிட்டாள்.

அப்படியாக, முன்பின் தெரியாத ஒரு ஷெட்டில், சுண்டலைப் படைத்து, கற்பூரம் காட்டி, பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து மெக்கானிக் கையில் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். உள்ளே மிச்சம் இருந்ததை வடித்து ஒரு தட்டில் காட்டினார். கறுப்பில் ஜிகினாப் பொடி தூவினாற்போல மின்னியது. எல்லாம் பல்சக்கரம் அரைத்த இரும்பு.

"அஞ்சாவது போயிடுச்சு. மூணாவதும் தேஞ்சிருக்கு. இவ்வளோ ஆயில் ஒழுகியிருக்கு, நிறுத்தின எடத்துல தரையில தெரியலையாம்மா?"

இவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இல்லையே. ஒண்ணும் தெரியலை" என்றேன்.

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. இவர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தார். பிறகு, டீ வாங்கி வருகிறேன் என்று எதிர்ச்சாரிக் கடைக்குப் போனார். டீக்கு அவ்வளவு நேரம் ஆகாது. அங்கேயே போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. நான் இருந்த நிலையில் யாரிடம் பேசுகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்புதான் அக்கா எனக்குப் போன் செய்து, எங்கே வருகிறாய் என்று கேட்டிருந்தாள். சேலம் கிட்ட வந்தாச்சு என்று அவளிடமும் ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

கிளம்பும்போது மணி ஒன்பதரை. மெக்கானிக் ஜன்னலில் குனிந்து சொன்னார். "அம்பதைத் தாண்டாதீங்க. அரை மணிக்கு ஒருதரம் நிறுத்தி ஆற விடுங்க. தொப்பூர் எறக்கத்துல மூணாவதுல போங்க. கழண்டுக்கும். கழண்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போயிடும், வெறும் பிரேக்கை நம்பாதீங்க. குச்சியை அழுத்திப் புடிச்சுக்கிட்டே எறங்குங்க."

தொப்பூர் கணவாயைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் மலையைச் சுற்றி இறங்குகிற சாலை. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் கருகி நாற்றமடிக்க இறங்கும். அங்கே எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். எனக்குப் பயமெல்லாம் கிடையாது. ஆனால் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு இன்னொரு கையால் கியரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வளைவில் லாரியை ஒதுங்கி இறங்க என்னிடம் மூன்றாவது கை இல்லை. முதல் வளைவிலேயே மூன்றாவது கியர் கழன்றது. வண்டி சட்டென்று லேசாகி முன்னே பாய்ந்தது. பிரேக்கை மிதித்து, மறுபடி கியரைத் தள்ளி, எப்படியோ ஓரம் வந்தேன். இதை மறைப்பானேன், மறுபடி கிளப்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"நான் பிடிச்சுக்கட்டுமா?" என்றார் இவர்.

நான் குச்சியிலிருந்து கையை எடுத்தேன். அவர் ஃபிளாஸ்க்கைக் காலடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முன்பக்கமாக அழுத்தினார். நான் கிளட்சை விட்டேன். இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் உள்ளேயிருந்து அது முட்டுவது அவர் தோளில் தெரிந்தது. "விடாதீங்கோ" என்றேன் ஒரு தடவை. "விடலை" என்றார். அடிவாரம் வருகிறவரை எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். கீழே நிறுத்தியபோது அவருடைய உள்ளங்கை இரண்டும் சிவந்து, ஒன்றில் கொப்புளம் வந்திருந்தது. அதன் மேல் ஃபிளாஸ்க்கிலிருந்த குடிதண்ணீரை ஊற்றினார்.

சேலம் ஊருக்கு வெளியே வண்டியை ஆற விட்டு நிற்கும்போது பன்னிரண்டு அடித்தது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து போன் வரவில்லை. கோபமாக இருந்தால் அவள் போன் செய்ய மாட்டாள், அது எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டுப் பார்க்கவும் தைரியம் இல்லை. இனி அவள் வர மாட்டாள். அந்தக் குளியலறையும் அந்த ஈரத் தரையும் அப்படியேதான் இருக்கப் போகின்றன. அடுத்த தடவை விழுந்தால் கதவை உடைக்க யாராவது வர வேண்டும். ரோட்டோரத்தில் புளியமரத்தடியில், போகிற வருகிறவர்கள் பார்க்க, நான் அழுதேன். இவர் என் சேலைத் தலைப்பை மண்ணில் புரளாமல் எடுத்து மடியில் போட்டார். ஒரு வார்த்தை, "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை, அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வழி இருந்திருக்கும்.

நாமக்கல் தாண்டி முதல் கியரும் விழ மறுத்தது. இரண்டாவதிலேயே இழுத்துக் கிளப்பினேன். காவிரிப் பாலத்தைத் தாண்டி, கரூருக்குள் நுழைந்து, அக்கா தெருவில் திரும்பும்போது மணி மூன்றரை. வண்டி போடுகிற சத்தத்துக்கு இரண்டு வீட்டில் ஜன்னல் திறந்து பார்த்தார்கள்.

அக்கா வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பெரிய பூட்டு. நான் அதைப் பிடித்து இழுத்தேன். அவள் வீட்டைப் பூட்டி நான் பார்த்தது அந்தக் காசி யாத்திரைக்கு அப்புறம் அன்றைக்குத்தான். மறுபடி விழுந்துவிட்டாளோ, ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்களோ என்று இன்னொரு தரம் இழுத்தேன்.

"அங்க என்னடி இழுக்கறே?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

எதிர்வீட்டு வராந்தாவில், நாற்காலியில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பெட்டி, ஒரு பை, துளசித் தொட்டி.

"நான் பத்தே முக்காலுக்கே கிளம்பியாச்சு. நீதான் லேட்டு" என்றாள்.

எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. பரஸ்தானம் வைத்திருக்கிறாள். நல்ல நேரத்தில் பயணம் கிளம்ப முடியாவிட்டால், அந்த நேரத்துக்குள் மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் கிளம்பியதாகவே கணக்கு. அதன்பிறகு எப்போது போனாலும் தோஷமில்லை, ஆனால் தன் வீட்டுக்குள் திரும்ப நுழையக் கூடாது. அம்மா காலத்தில் பார்த்தது, எனக்கு மறந்தே போயிருந்தது. சகுனத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்வாங்கியவள், எனக்காகச் சகுனத்துக்கே ஒரு வழி கண்டுபிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி தடங்கல்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மாப்பிள்ளை ஒன்பது மணிக்கு மேல போன் பண்ணினாரே." அவள் இவர் பக்கம் திரும்பினாள். "ஏன் மாப்பிள்ளை, உங்களைச் சொல்லணும். காலைல கீழ எண்ணெய் இருக்கறதைப் பாத்துட்டு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மறந்துட்டேன், எல்லாம் என் தப்புதான்னீங்களே. இப்படியா அஜாக்கிரதையா இருப்பா? இவ கோவிச்சுண்டா தாங்காதுன்னு பயந்துண்டு வாய மூடிண்டிருந்தீங்களா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்கா, தப்புதான்" என்றார். கொப்புளம் வந்த கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மாள் காபி டம்ளரோடு வந்து நின்றாள். அவள் எதிரில் சொல்ல வேண்டியதாயிற்று.

"அவர் சொன்னார் அக்கா. விரலால தொட்டுப் பாத்துச் சொன்னார். கராஜ்ல கேப்போம்னார். விளக்கு எண்ணெய்ன்னு நான்தான் துடைச்சேன். மெக்கானிக் கேட்டப்பவும் இல்லவே இல்லைன்னு சாதிச்சேன்."

அக்கா டம்ளரை வாங்கி என் கையில் கொடுத்தாள். "சரி, காபி ஆறறது, குடி" என்றாள். பிறகு இவரிடம், "கையைக் காட்டுங்கோ மாப்பிள்ளை" என்று தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொன்னாள். சுண்டல் எங்கே என்று அப்புறம்தான் கேட்டாள்.

கியர் பாக்ஸை இறக்கிச் சரிசெய்ய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நானும் இவரும் அக்கா வீட்டில் படுத்தோம், அக்கா எதிர்வீட்டில் படுத்தாள். நடுவில் தெரு. தன் வீட்டு டம்ளர் வேண்டும் என்றால்கூட வராந்தாவிலிருந்து கூப்பிட்டு என்னைத்தான் எடுத்துவரச் சொன்னாள், தெருவைத் தாண்டவில்லை.

நாலாம் நாள் காலையில் கிளம்பினோம். பின்சீட்டில் அக்கா, அவள் காலுக்கு நடுவில் துளசித் தொட்டி. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. ஐந்து கியரும் போட்ட இடத்தில் நின்றன. தொப்பூர் ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில் அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவதைப் போட்டேன். கிண்ணென்று விழுந்தது.

இவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார்.

"இப்ப நன்னாத்தானே இருக்கு? பிடிச்சுக்க வேண்டாமில்லையா?"

"பிடிச்சுக்கோங்கோ" என்றேன்.